ஸ்பெயினுடன் ஓர் உடன்படிக்கை

இன்னும் இரண்டு பக்கம்தான் என்று சொல்லிவிட்டு இவர் பாத்திரம் கழுவக் குசினிக்குள் போய்விட்டார். இரண்டு பக்கமாம்! காலையிலிருந்து இதே கதைதான்.

என் கணவர் கதிர்காமநாதன் திங்கட்கிழமை தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். இன்று சனி. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்த பாவத்துக்கு, மவுண்ட் ஆல்பர்ட்டில் இந்தப் பலகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய இங்கிலிஸ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவள் இந்த ஒக்லாந்து நகரத்தில் நான் ஒருத்திதான்.

விஷயம் என்ன தெரியுமா? அடிமைக் கப்பல்கள். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, ஆட்களைப் பிடித்து விற்கக் கொண்டுபோன ஸ்பெயின்காரரின் கப்பல்களைக் கடலில் மறித்துச் சோதிப்பதற்குப் பிரித்தானியாவும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கை.

கிழமை நாட்களில் இவருக்கு மவுண்ட் வெல்லிங்டனில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்தால் ஸ்பெயின். எனக்கு எங்கே முகம் கொடுக்கிறார்?

என் கவலை வேறு. என் தம்பி ஆனந்தராசா போன வருசம் ஆனி மாதம் மாதகல் கரையில் வள்ளம் ஏறினவன். இந்தியாவில் இறங்கியதும் கடிதம் போடுகிறேன் அக்கா என்று எழுதியிருந்தான். இது மாசி. தபால்காரனின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே நான் கேற்றடியில் நிற்பேன்.

ஏதாவது முகாமில் இருப்பான், முத்திரை வாங்க வழியிராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இவரிடம் சொன்னால் ஓம், ஓம் என்று தலையாட்டுவார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

நான் அடித்துக்கொண்டிருந்தது ஐந்தாம் அத்தியாயம். அது தேவையில்லை, வெட்டிவிடு என்று பேராசிரியரே சொன்னாராம். கேட்டால்தானே! ஆவணியிலிருந்து அதையே எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார்.

அந்த உடன்படிக்கையில் ஓர் ஓட்டை இருந்ததாம். கப்பலுக்குள் அடிமைகள் இருந்தால்தான் கப்பலைப் பிடிக்கலாம். ஆட்கள் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

ஆகவே தூரத்தில் காவல் கப்பலின் பாயைக் கண்டதும், சில கப்பல்காரர் ஆட்களைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். சங்கிலியோடு. காவல்காரர் வந்து ஏறிப் பார்க்கும்போது தளம் கழுவிக் கிடக்கும்.

ஓட்டையை அடைப்பதற்கு லண்டனிலும் மட்ரிட்டிலும் இருந்த இராசதந்திரிகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். பணிவான, வடிவான கடிதங்கள். கந்தோரில் நானும் அந்த மாதிரி ஆயிரம் அடித்தவள். ஒன்றையும் சொல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்புகிற வித்தை அது.

உடன்படிக்கையில் அந்த ஒரு வசனத்தைத் திருத்தப் பதினெட்டு வருசம் எடுத்தார்கள்.

என் கை நின்றுவிட்டது. அட பாவிகளே! வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பதற்கு என்ன?

“எத்தினை பேரையப்பா கடலிலை போட்டவங்கள்?” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

“தெரியாது, புஷ்பம். ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

குரல் அடைத்திருந்தது. தடிமன் இன்னும் விடவில்லை போல என்று நினைத்தேன்.

கடைசித் தாளை எடுத்தேன். புத்தகத்தின் தொடக்கத்தில் வருகிற பக்கம் அது. யாருக்குச் சமர்ப்பணம் என்று போடுவார்களே, அது. எனக்கு ஒரு சிரிப்புக்கூட வந்தது. நாலு மாதமாக முதுகு முறிய அடிக்கிறேன், என்னைவிட்டு வேறு யாருக்குப் போடப்போகிறார்?

இந்தப் பக்கத்தில் கோழி கிளறல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, இங்கிலிசில் எழுதியிருந்தார்.

என் மைத்துனன் ஆனந்தராசாவுக்கு. வயது இருபத்திரண்டு. ரோந்துக் கப்பலின் வெளிச்சத்தைக் கண்டு வள்ளக்காரன் நடுக்கடலில் இறக்கிவிட்ட பதினொரு பேரில் ஒருவன். பாக்கு நீரிணை, ஜூன் 1985.

வாசித்தேன். பேரை மட்டும் திரும்ப வாசித்தேன்.

என் தம்பிக்கு நீந்தத் தெரியாது.

குசினியில் குழாய்த் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமலே வந்து வாசலில் நின்றார். கையில் துவாய். என்னைப் பார்க்கவில்லை, டைப் மெஷினில் இருந்த வெற்றுத் தாளைப் பார்த்தார்.

எப்போது தெரியவந்தது என்று கேட்டேன்.

“ஆவணியிலை. மண்டபம் அகதி முகாமிலையிருந்து, தப்பின ஒருத்தன் யுனிவசிற்றி விலாசத்துக்குக் கடிதம் போட்டவன். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு...”



அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கதிரையில் இருந்தேன்.

மார்கழி லீவு நினைவுக்கு வந்தது. தம்பி வந்தால் படுக்க ஓர் அறை வேண்டும், பின்னறைக்குப் பெயின்ற் அடித்துத் தாருங்கோ என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவனுக்கு நீலம்தான் பிடிக்கும் என்றேன். மனுசன் மறுபேச்சுப் பேசாமல் கடைக்குப் போய் நீலம் வாங்கிவந்தார். ஏணியில் ஏறி நின்று நாலு சுவருக்கும் இரண்டு தரம் பூசினார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவன் வந்ததும் முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நான் கதைத்துக்கொண்டே நின்றேன்.