பாத்திரக்கடை மேண்டலின்

பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் இரண்டு மேண்டலின்கள் அருகருகே தொங்கின. ஒன்றின் வயிற்றுக்குள் 'இம்பீரியல் இசையகம்' என்று பொன்னெழுத்துச் சீட்டு ஒட்டியிருந்தது. மற்றொன்றில் 'மங்களம் பாத்திரக்கடை' என்றிருந்தது.

"ஏனடி, உன்னைக் குடத்தோடு சேர்த்து விற்றார்களா, குண்டானோடு சேர்த்தா?" என்று இம்பீரியல் நாள்தோறும் சீண்டும்.

"குண்டானோடுதான், அக்கா. மூடியும் கொடுத்தார்கள்" என்று மங்களம் சிரிக்கும்.

"அக்காவா? எனக்கு உடன்பிறந்தவர் எவரும் இல்லை!"

ஒருநாள் பாட்டுக்குழு நடத்தும் கனகவல்லி வந்தாள். "என் இரட்டைப் பெண்கள் சேர்ந்து வாசிக்க, ஒரே குரலுடைய இரண்டு மேண்டலின்கள் வேண்டும். ஒன்று மட்டும் என்றால் வேண்டாம்."

"ஜோடி அமையாவிட்டால் இந்தப் பொன்னெழுத்துக்காரி ஓட்டல் சுவருக்கு அலங்காரமாகப் போகிறாள்" என்றார் கடைக்காரர்.

இம்பீரியல் நடுங்கியது. அலங்காரத்துக்குத் தந்தி எதற்கென்று கழற்றிவிடுவார்களே!

கடைக்காரர் இரண்டையும் இறக்கிக் கவிழ்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். இரண்டு முதுகிலும் பாதி பாதியாக இருந்த மரக்கணு ஒன்றாகப் பொருந்தியது. "ஒரே தொழிற்சாலையில் ஒரே பலகையை அறுத்துச் செய்தவை, அம்மா. வாங்கி விற்ற கடைகளின் பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்."

கனகவல்லி மீட்டிப் பார்த்தாள். குரலில் இம்மியும் வேற்றுமை இல்லை.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தபோது மூலையிலிருந்த ஆர்மோனியம் கேட்டது: "உனக்கு உடன்பிறந்தவரே இல்லை என்றாயே?"

"எங்கள் குடும்ப விஷயத்தில் நீ ஏன் தலையிடுகிறாய்?" என்று சீறியது இம்பீரியல். "மங்களம், கொஞ்சம் நகர்ந்து படு. அக்காவுக்கு இடம் போதவில்லை."