விடுபட்ட பத்து வரி

“இந்தப் புரோகிராமை எழுதின புண்ணியவான் யாரு?”

பிரான்வின் கேட்ட கேள்வியில் தீவு நகரமான சுவாவின் கிளை அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பழைய ஜாவா புரோகிராமைச் சீர்படுத்தத்தான் பிரிஸ்பேன் தலைமை அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது.

“நான்தாம்மா,” என்றார் மேனேஜர் சகியுசா, அவித்த மரவள்ளிக்கிழங்கை மென்றபடி.

“உள்ளே வர்றவர் லாகின் பண்ணியிருக்காரான்னு பார்க்க, அதே பத்து வரியை நாப்பத்தொரு பக்கத்துலயும் காப்பி அடிச்சு ஒட்டியிருக்கீங்களே! ஒரே இடத்துல எழுதி எல்லாத்துக்கும் பொதுவா வெச்சா போதாதா?”

“அப்போ அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?”

“அதுகூடப் பரவாயில்லை. துக்க லீவு அனுமதிக்கிற பக்கத்துல ஒட்டவே இல்லை! யாரு வேணா லாகின் பண்ணாமலே உள்ளே போய் ‘சரி’ன்னு அமுக்கலாம். போன வருஷம் அறுபத்துமூணு லீவு. அனுமதிச்சவர் பேர் ஒண்ணுலயும் பதிவாகலை!”

சகியுசாவுக்குப் புரையேறியது.

பிரான்வின் பக்கத்து மேசைக்குத் திரும்பினாள். “ஃபிலிமோனி, ஒரே வருஷத்துல உங்களுக்கு அஞ்சு சித்தப்பா செத்தாங்களா?”

“ஆமா மேடம். அப்பாகூடப் பிறந்தவங்க மொத்தம் பதினொரு பேர்.”

“நீங்களே உள்ளே போய் நீங்களே அமுக்கிக்கிட்டீங்க. அதானே?”

“நானா? என் சம்பளச் சீட்டையே பிரின்ட் எடுக்க எனக்குத் தெரியாது மேடம்!”

அவள் நம்பவில்லை. மத்தியானத்துக்குள் அந்தப் பத்து வரியும் பொதுவான ஒரே இடத்துக்குப் போனது. இனி எந்தப் பக்கமும் லாகின் இல்லாமல் திறக்காது. பிரிஸ்பேனுக்கு அறிக்கை தட்டினாள். மோசடி என்று போட்டு, அதன் கீழே ஃபிலிமோனியின் பெயர்.

சகியுசா டீயோடு வந்து நின்றார். “அம்மா, அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுடுங்க.”

“ஏன்?”

“உங்க ரூல்படி அப்பா, அம்மா, புருஷன், பெண்டாட்டி, பிள்ளை செத்தாத்தான் லீவு. இங்கே சித்தப்பாவும் அப்பாதாம்மா. முறையாக் கொடுக்கிற பாயைச் சுருட்டித் தோள்ல வெச்சுக்கிட்டு சாவு வீட்டுல போய் நிக்கலேன்னா, அப்புறம் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. லாகின் பண்ணி அமுக்கினா என் பேர் விழும், வேலை போயிடும். அதான் அந்தப் பக்கத்தை மட்டும்...”

“அறுபத்துமூணையும் நீங்களா அமுக்கினீங்க?”

“நானேதான்.”

பிரான்வின் டீயை வாங்கிக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். டீயைக் குடித்தாள். அறிக்கையை முழுசாக அழித்துவிட்டு, புரோகிராமைத் திறந்து துக்க லீவுப் பக்கத்தை மட்டும் விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தாள். பிறகு புது அறிக்கை அடித்து அனுப்பினாள்.

‘பொது லாகின் சோதனை தயார். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தொழில்நுட்பச் சிக்கல். சரிசெய்ய எப்படியும் பத்து வருடம் ஆகும்.’