குக்கருக்குள் உல்லன் நூல்

பெட்டியோடு வாசலில் வந்து நின்ற மகளிடம், “யாரு?” என்று கேட்டாள் அம்மா.

“நான்தாம்மா.”

“வந்துட்டியா? வாயத் தெறக்காம நின்னா எப்படி?” அம்மா சிரித்தாள். மடியில் பாதி பின்னிய போர்வை கிடந்தது. குரோஷா ஊசி பிடித்த கை நிற்கவே இல்லை.

தம்பி அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். குக்கரைத் திறந்து காட்டினான். உள்ளே மஞ்சள் உல்லன் உருண்டைகள். கெட்டிலுக்குள் வெள்ளை. பின்வாசலில் இருந்த அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் பச்சை.

“போன்ல சொன்னப்ப நம்பல இல்ல? இப்ப பெத்த பொண்ணையே யாருன்னு கேக்கறாங்க. இனிமே தனியா விட முடியாதுக்கா. முதியோர் இல்லத்துல ரூம் பேசி வெச்சிருக்கேன். இன்னிக்கு நம்ம முடிவச் சொல்லணும்.”

அவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று விமானப் பயணம் முழுக்கப் பயந்துகொண்டே வந்தாள். ஒன்றும் வரவில்லை.

“அங்க என்ன குசுகுசு?” ஹாலிலிருந்து அம்மாவின் குரல். “எனக்கு மூளை கழண்டு போச்சுன்னுதானே சொல்றான்? அந்த இல்லத்துக்கெல்லாம் நான் போகமாட்டேன். சந்தேகம் இருந்தா எந்த நூல் எங்க இருக்குன்னு கேட்டுப் பாருங்க.”

அக்கா ஹாலுக்கு வந்தாள். “மஞ்சள் எங்கம்மா?”

“குக்கர்ல.”

“பச்சை?”

“அப்பா பூட்ஸ்ல. வலது கால்ல கரும்பச்சை, இடது கால்ல கிளிப்பச்சை.”

“நீலம்?”

“தம்பியோட பழைய ஸ்கூல் பையில. படிப்புதான் அதுல நிக்கல, நூலாவது நிக்கட்டுமே.”

“மிச்ச ஊசியெல்லாம்?”

“பல்லு தேய்க்கிற பிரஷ் வைக்கிற கப்புல. அவசரத்துல எடுத்துப் பல்லுல வெச்சுடாத.”

அவள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“உனக்கு உன் வண்டிச் சாவி எங்கன்னு தெரியுமாடா?” என்றாள் தம்பியிடம். “அம்மாவுக்கு மூளை உன்னவிட நல்லாத்தான் இருக்கு. ரூம் வேணாம்னு சொல்லிடு.”

தம்பி பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்தான்; சாவி இல்லை. பிறகு போனை எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அம்மா சாப்பிட்டுப் படுத்ததும், அக்கா காலி கண்ணாடி ஜாடிகளை எல்லாம் கழுவித் துடைத்தாள். வீடு முழுக்க ஒளிந்திருந்த நூல்களைச் சேகரித்து, ஜாடிக்கு ஒரு நிறமாக நிரப்பினாள். வெளிறிய நிறங்களில் தொடங்கி அடர்ந்தவை வரை ஹால் அலமாரியில் வரிசையாக வைத்தாள்.

“பேசாம கடையே தெறந்துடலாம்,” என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

அம்மா எழுந்து வந்தாள்.

“இனிமே குக்கரும் பூட்ஸும் தேடி அலைய வேணாம்மா. எல்லாம் உன் கண்ணெதிரே அலமாரில இருக்கு.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் போனாள். ஒரு ஜாடியைத் திறந்து நூலைத் தடவினாள். மூடினாள். அடுத்ததைத் திறந்து தடவினாள். அதற்கடுத்ததையும்.

“புடிக்கலையாம்மா?”

அம்மா மகளின் கையைத் துழாவிப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பிக்குக் கேக்காம சொல்லு. இதுல சிவப்பு எது?”