வேலிக்கு அந்தப் பக்கம்

"அந்தப் பொம்பளைக்கு நோட்டீஸ் கொடுக்காம நீ இந்தத் தெருவை விட்டுப் போகக் கூடாது, ஆமா."

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார் டெஸ்மண்ட்.

டீலியா அந்த ஊர் கவுன்சிலில் தீத்தடுப்பு அதிகாரி. கோடை தொடங்குமுன் மலைச்சரிவில் இருக்கும் வீடுகளையெல்லாம் பார்த்து, ஊருக்கான காட்டுத்தீத் திட்டத்தை முடித்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டைப் பார்த்தாள். கங்காரு படுத்திருந்தாலும் தெரியாத அளவுக்குப் புல். தகரக் கூரை முழுக்க யூகலிப்டஸ் சருகு. சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும்.

"இப்ப என் வீட்டைப் பாரு."

பார்த்தாள். புல் ஒட்ட வெட்டியிருந்தது. கூரையில் பேருக்குக்கூட ஒரு சருகு இல்லை.

"நீங்க அவங்ககிட்ட சொல்லிப் பார்க்கலையா?"

"நோரீன்கிட்டயா? வேலித் தகராறுக்கு அப்புறம் எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. சுத்த சோம்பேறி. பக்கத்துல ஒரு மனுஷன் இருக்கானேன்னு நினைப்பு வேணாம்?"

"உங்க வீட்டை யார் சுத்தம் பண்றாங்க?"

"என்னைக் கேக்கறியே! உங்க ஆளுங்கதான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்து என்னைக் கூட்டிட்டுப் போகும். சாயங்காலம் திரும்பினா எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். கவுன்சிலைத் திட்டறவனெல்லாம் என் வீட்டை வந்து பார்க்கணும்."

டீலியாவுக்குத் தெரிந்து கவுன்சில் யாரையும் எந்த வீட்டுக்கும் அனுப்புவதில்லை. அதற்கெல்லாம் ஆள் ஏது?

புல்லை வெட்டச் சொல்லும் நோட்டீஸோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த நோரீனுக்கு எழுபது வயதிருக்கும். கை விரல்களில் பிளாஸ்திரி. பின்னால் சுவரில் நீள ஏணி சாய்ந்திருந்தது.

"அவர் வீட்டைச் சுத்தம் பண்றது நீங்கதானே?"

நோரீன் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லிடாதம்மா. நான்னு தெரிஞ்சா கேட்டைப் பூட்டிடுவார்."

"உங்க வீட்டுப் புல்லு இடுப்பளவு வளர்ந்து கிடக்கே."

"வெட்டணும்தான். அங்க முடிச்சுட்டு வர்றதுக்குள்ள முட்டி ரெண்டும் மக்கர் பண்ணுது. பரவாயில்லை, நீ நோட்டீஸைக் கொடு. உன் வேலையை நீ பார்க்கணுமில்ல?"

டீலியா நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சனிக்கிழமை எனக்கு லீவு. நான் வந்து வெட்டித் தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களை அவ்வளவு பேசறார் அந்த மனுஷன். உங்க வீட்டை அப்படியே விட்டுட்டு அவர் வீட்டை ஏன் பார்க்கறீங்க?"

இதிலென்ன கேள்வி என்பது போல நோரீன் அவளைப் பார்த்தாள்.

"தீ வந்தா நான் காரை எடுத்துட்டு ஓடிடுவேன். ரெண்டு பேர் தூக்காம அவரால படியே இறங்க முடியாதேம்மா."