வீட்டில் யாரும் இல்லை

அவன் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

சுவர் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு கைகளையும் ஆட்டினான். குதித்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியில் ஞாபகம் இருந்தவரை செய்தான்.

சுவரில் பதித்திருந்த வட்டத் திரை அதே வரியைத்தான் காட்டியது. வீட்டில் யாரும் இல்லை.

ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு என்று ஹீட்டரை அது அணைத்துவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கால்கரி நகரம் பனியில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே தரை காலைக் கடித்தது.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேன்மொழியையும் பிள்ளையையும் அழைத்துவர வேண்டும்.

பிள்ளை பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

பழைய தெர்மோஸ்டாட் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருகினால் வீடு சூடாகும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். "பிள்ளை வர்ற நேரத்துல எதையும் நோண்டாதப்பா" என்று தேன்மொழி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லித்தான் அனுப்பினாள்.

நோண்டிவிட்டான்.

சுமந்தது அவள். வலித்தது அவளுக்கு. அவன் தன் பங்குக்குப் பை தூக்கினான். அதிலும் ஒன்றை லிஃப்டில் விட்டுவிட்டு வந்தான். பிள்ளைக்கென்று தன் கையால் ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்று தவிப்பாக இருந்தது. ஸ்வெட்டர் பின்னத் தெரியாது. பத்தியச் சமையல் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்று நம்பினான்.

பல்பு மாற்றவும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற பரம்பரை.

மெயினை அணைத்தான். அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தான். பழையதைக் கழற்றி, ஒயர்களைப் போட்டோ எடுத்து, சாமியை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புதியதில் செருகினான்.

மெயினைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. தரையில் இருந்த கம்பி வலைக்குள்ளிருந்து சூடாகக் காற்று வந்தது.

தனியாக ஓர் ஆட்டம் போட்டான்.

அப்புறம், புதிதாக எது வந்தாலும் செய்வதைச் செய்தான். காருக்குச் செய்தது. ஃபிரிட்ஜுக்குச் செய்தது. ஆபீஸ் லேப்டாப்புக்கும் யாரும் பார்க்காத நேரமாகச் செய்தது. சந்தனம், அதன்மேல் குங்குமம். திரைக்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று ஒரு சின்ன வட்டம் இருந்தது. பொட்டுக்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். செய்தவன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

காபி குடித்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தபோது வீடு சில்லிட்டுப் போயிருந்தது.

போன் அடித்தது.

"எங்கப்பா இருக்க?"

"வீட்லதான்."

"வீட்ல யாரும் இல்லைனு என் போன்ல வருது."

அதன் ஆப்பில் அவளையும் சேர்த்துவிட்டது அவன்தான். ஆசையாகச் சேர்த்தான்.

"நான் அது முன்னாடிதான் நிக்கிறேன் தேனு."

"அப்ப அது சரியாத்தான் சொல்லுது. வீடியோவைப் போடு."

போட்டான். போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாள்.

"ஐயோ, தையல் வலிக்குது. ஆள் இருக்கானானு அது பாக்குற கண்ணுப்பா அது. அதை மறைச்சுப் பொட்டு வெச்சிருக்க."

சட்டை நுனியால் துடைத்தான். கறுப்பு வட்டத்துக்குள் பச்சையாக ஒரு புள்ளி மின்னியது. அவனைப் பார்த்துவிட்டது. கீழ்த்தளத்தில் ஹீட்டர் செருமிக்கொண்டு எழுந்தது.

"துவைச்சு வெச்சிருக்கேன் பாரு, அந்த நூல் சேலையில தொட்டில் கட்டிட்டு வா" என்றாள். "கெட்டியாக் கட்டு. நோண்டாத."

திரைக்கு எதிரே இருந்த படுக்கையறை வாசலில், நிலைக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி இருந்தது. தொங்கி உடம்பைத் தேற்றுவதற்கு வாங்கியது. இதுவரை அதில் தொங்கியது துண்டு மட்டும்தான்.

சேலையை இரண்டாக மடித்துத் தொட்டில் கட்டினான். முடிச்சைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அரிசிப் பையை உள்ளே கிடத்தி ஆட்டினான்.

அரிசி அழவில்லை.

பையை எடுத்துவிட்டான். கோட்டு, தொப்பி, பூட்ஸ். வாசல்வரை வந்தவன் நின்றான்.

இப்போது போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை. நிஜமாகவே இல்லை. மறுபடியும் அணைத்துவிடும். பனியில் ஊர்ந்து போய், அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்புவதற்குள் வீடு ஐஸ்பெட்டி ஆகிவிடும். பிள்ளை முதன்முதலாக நுழைகிற வீடு.

அணையாமல் வைக்க ஏதாவது வழி இருக்கும். இரண்டு மொழியில் இருந்த கையேட்டைப் புரட்டினான். எப்படித் திறந்தாலும் பிரெஞ்சுப் பக்கமே வந்தது.

வாசலை ஒட்டி அப்படியே நின்றான். அங்கிருந்து அவனுக்குத் திரை தெரியும். திரைக்கு அவன் தெரியமாட்டான்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

அவ்வளவுதான் என்று நினைத்தான்.

புள்ளி மின்னியது.

அவன் அசையவே இல்லை. மறுபடியும் மின்னியது.

மெல்ல எட்டிப் பார்த்தான்.

படுக்கையறை வாசல் தரையில் இருந்த கம்பி வலை வழியாகச் சூடான காற்று எழும்பிக்கொண்டிருந்தது. சேலையின் அடி உப்பியிருந்தது. தொட்டில், யாரோ புரண்டு படுத்ததைப் போல, ஒரு பக்கமாக அசைந்தது. நின்றது. இன்னொரு பக்கம் அசைந்தது.

ஒவ்வோர் அசைவுக்கும் சுவரில் பச்சை.

கோட்டும் தொப்பியுமாக அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, கார் சாவி குலுங்காதபடி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டான். பூட்ஸ் நுனியில் நடந்து வெளியே வந்தான்.

கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.