இரண்டு நிமிடம், நாற்பதாவது விநாடி

புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும் என்பதால் இக்னேஷியஸ் அன்றைக்கு மட்டும் மதியத்துக்கு மேல்தான் அலுவலகம் போவார். பெயரே கேள்விப்படாத ராக் குழுக்களாகத் தேடிப்பிடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் கேட்டு, தேறியதைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுதுவார். பத்தில் ஒன்பது தேறாது. அந்த வெள்ளிக்கிழமை ஒன்று தேறியது. அதுவரை நாலே பேர் கேட்டிருந்த பாட்டு. கரகரத்த கிடார், அவசரமே இல்லாத ஒரு குரல். அவருக்குப் புல்லரித்தது. இரண்டு நிமிடம் நாற்பதாவது விநாடியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுபோக, பாட்டுக்குள்ளேயே யாரோ சுவரை மூன்று முறை ஓங்கிக் குத்தினார்கள். "டேய், மனுசன் நிம்மதியா ஒரு பாட்டு கேக்க வேணாமாடா?" என்று கத்தியது இக்னேஷியஸின் சொந்தக் குரல். குத்திய அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ட்ரம்ஸ் எழுந்தது; பாட்டு அங்கிருந்துதான் பறந்தது. பாடியவர், வாசித்தவர் பெயர்களுக்கெல்லாம் கீழே கடைசியாக, 'சுவர்: பக்கத்து வீட்டு அங்கிள்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் எந்நேரமும் வாசித்துக்கொண்டிருந்த மூன்று பையன்களையும், வீட்டு ஓனரிடம் சொல்லி அவர் காலி செய்யவைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இக்னேஷியஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய், அதே சுவரை மூன்று முறை குத்தினார். காத்திருந்தார். சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், ஈரக்கையோடு நின்றாள்.

"என்ன சார், மிக்சி சத்தம் ரொம்பக் கேக்குதா?"

"இல்லம்மா," என்றார். "ஒண்ணுமே கேக்கல."