இரண்டு நிமிட ஊசி

கொச்சபம்பா பல் மருத்துவக் கல்லூரியில், தேர்வுக்கான நோயாளியை மாணவர்களேதான் பிடித்துவர வேண்டும். மார்லேனி சந்தையிலிருந்து அழைத்துவந்த உருளைக்கிழங்குக்காரம்மா, ஊசியைக் கண்டதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஒரு ஊசிக்கு இரண்டு நிமிடம் எடுக்கிறாள் என்று ஏற்கெனவே இரண்டு முறை தோல்வி. இன்றும் தோற்றால், சுரங்கத் தொழிலாளி வீட்டின் முதல் பட்டம் அவ்வளவுதான்.

நல்லவேளையாக, கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் நாற்காலியில் வந்து விழுந்தார். "கடைவாய்ப்பல் வலி உயிர் போகுது. எனக்கே போடு. வலிச்சுது, தொலைச்சுடுவேன்!"

"வாயைத் திறந்தாத்தானே போட முடியும்?"

ஈறில் மரப்புக் களிம்பைத் தடவினாள். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள். கன்னத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டாள்: "மக்காச்சோளக் கள்ளுன்னா புனாத்தா ஊருதான், இல்ல?"

திறந்த வாயோடு அவர் கொதித்தார். "ஆ... கிளிசா! கிளிசா!"

அவள் கையை எடுத்த பிறகும் கிளிசா ஊர்க் கள்ளின் பெருமை ஓயவில்லை. திடீரென்று நினைவு வந்தவராக முறைத்தார். "பேச்சுல ஏமாத்தாதே. ஊசியை எப்பப் போடுவே?"

"போட்டு மூணு நிமிஷமாச்சு. நீங்கதான் கள்ளை விட்டு இறங்கி வரல."

உதட்டைக் கிள்ளினார். மரக்கட்டை! துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! இந்த வித்தையை எப்பக் கத்துக்கிட்டே?"

மார்லேனி மதிப்பெண் தாளை அவர் கையில் திணித்தாள்.

"நீங்க என்னை ரெண்டு தடவை ஃபெயில் போட்டப்பவும் இப்படித்தான் சார் போட்டேன்!"